தம்பியின் படகும் அக்காவின் புதுமனை விழாவும்

கேள்வி:

ஐயா, நாங்கள் ஈசூனில் இருக்கிறோம். ஜூன் பள்ளி விடுமுறைக்கு நான், என் கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், அப்பா, அம்மா ஆக ஆறு பேரும் அமெரிக்கா போகிறோம். தம்பி டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறான். அவன் வீட்டில் 12 நாள் தங்குகிறோம். நடுவில் மூன்று நாள் ஹியூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா புது வீடு கட்டியிருக்கிறாள், சனிக்கிழமை காலை கிரகப்பிரவேசம். தம்பி போன வருடம் பாஸ் மீன் பிடிக்கிற படகு ஒன்று வாங்கினான். 19 அடி, 200 குதிரைசக்தி எஞ்சின். அதையும் ஏழு பேர் உட்காரும் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம், கான்ரோ ஏரியில் அப்பா மீன் பிடிக்கட்டும் என்கிறான். கார் 5,000 பவுண்டு இழுக்குமாம், படகு டிரெய்லரோடு 3,900 பவுண்டுதானாம். என் கணவரையும் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்கிறான். தம்பி மனைவிக்கு வேலை இருப்பதால் அவள் வெள்ளிக்கிழமை குழந்தையோடு சின்னக் காரில் தனியாக வருவாள். விசேஷ வீட்டுக்குப் படகு எதற்கு என்று அம்மா கோபப்படுகிறார். 72 வயது அப்பா எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு வாரமாகத் தன் தூண்டில் ரீல்களைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை படகு கேட்டிக்குப் போக வேண்டாம். அதே சமயம், அப்பா அந்தப் படகில் ஏறாமல் சிங்கப்பூர் திரும்பவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்ததுதான் என் பதில். முதல் பாதியை மட்டும் தம்பியிடம் சொன்னீர்கள் என்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

27 வருடமாகப் படகு எஞ்சினும் டிரெய்லரும் பழுதுபார்க்கிறவன் நான். உங்கள் தம்பி சொன்ன கணக்கைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கார் இழுக்கும் எடை இவ்வளவு, படகின் எடை இவ்வளவு, அது இதைவிடக் குறைவு, அதனால் கிளம்பலாம் என்பார்கள். அவர் சொன்ன எண்களில் தப்பில்லை. 19 அடி ஃபைபர் படகு, எஞ்சின், டிரெய்லர், நிறைந்த பெட்ரோல் டாங்கி, நான்கு பேட்டரி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்தால் 3,900 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,770 கிலோ சரியாகவே வரும். கார் 2,270 கிலோ இழுக்கும். ஆனால் இழுக்கும் திறனை அளக்கும்போது காருக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான கார் நிறுவனங்கள் பின்பற்றும் அளவுமுறையில், ஓட்டுநரும் பக்கத்து இருக்கையில் ஒருவரும் மட்டுமே கணக்கு. நீங்கள் ஏழு பேர்.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களின் மேல் நிற்பதில்லை. நூற்றில் 10 முதல் 15 பங்கு முன்னால் வந்து காரின் கொக்கி மேல் உட்காரும். 1,770 கிலோவுக்கு அது குறைந்தது 177 கிலோ, கூடினால் 265 கிலோ. நடுவாக 200 என்று வைத்துக்கொள்வோம். அந்த 200 கிலோவையும் கார் சுமக்கிறது. பின் கதவுக்கு வெளியே மூன்று பெரிய ஆட்கள் உட்கார்ந்து வருவதற்குச் சமம் அது.

தம்பியிடம் சொல்லி ஓட்டுநர் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இந்த வகைக் கார்களில் அது 650 கிலோவையொட்டி இருக்கும். இப்போது கூட்டிப் பாருங்கள். ஐந்து பெரியவர்கள் 350 கிலோ. உங்கள் மகனும் மகளும் 80. பெட்டிகளும், பிறந்த வீட்டுச் சீராக அம்மா கொண்டுபோகும் குத்துவிளக்கும் பாத்திரமும் பட்டும் 120. மொத்தம் 550, இன்னும் 100 கிலோ இடம் இருக்கிறது. படகைக் கட்டியதும் 750. ஸ்டிக்கர் அனுமதிப்பதைவிட 100 கிலோ அதிகம். அந்த எடை முழுவதும் பின் அச்சில் இறங்குவதால் காரின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கும். முன் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கார் சொன்னபடி கேட்காது.

சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். படகிலுள்ள சாமான்களைப் பின்னால் தள்ளி வைத்தால் கொக்கி மேல் எடை குறையுமே என்பார்கள். குறையும்தான். ஆனால் முன்பாரம் குறைந்த டிரெய்லர் வேகத்தில் வாலாட்ட ஆரம்பிக்கும். ஒரு லாரி கடந்து போகும் காற்று போதும். முதலில் லேசாக இடமும் வலமும் ஆடும், அடுத்த சில நொடிகளில் அந்த ஆட்டம் காரையே இழுக்கும். அப்போது பயந்துபோய் பிரேக்கை மிதிப்பவர்கள்தான் புரண்டுபோகிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, வேகம் தானாகக் குறையும்வரை பொறுக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கே அந்த நேரத்தில் கால் பிரேக்குக்குத்தான் போகும். அதனால்தான் உங்கள் கணவரைப் பற்றிய கேள்விக்கு எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அவர் ஓட்டக்கூடாது. சாலையின் வலதுபக்கம் ஓட்டிப் பழகுவதே அவருக்குப் புதிது. அதோடு வாழ்க்கையில் முதல் தடவையாக டிரெய்லரும், பின்னிருக்கையில் மாமனார் மாமியாரும் பிள்ளைகளும் என்றால் எவ்வளவு நல்ல ஓட்டுநருக்கும் அது நியாயமில்லை. அவர் மாற்றி ஓட்டமாட்டார் என்றால் முழுத் தூரமும் தம்பி ஒருவர்தான். ஃபிரிஸ்கோவிலிருந்து கேட்டி சுமார் 430 கிலோமீட்டர். நம் கணக்கில் உட்லண்ட்ஸிலிருந்து கோலாலம்பூரைத் தாண்டி தஞ்சோங் மாலிம் பக்கம் வரை. படகில்லாமல் நாலரை மணி நேரத்தில் முடியும் பயணம், படகோடு ஆறைத் தொடும்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்த அனுபவம். பதினாறு வருடத்துக்கு முன் குவாந்தானில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டியவன். ஜோகூரில் இருக்கும் நண்பர் ஒருவரின் பிக்கப்பில் குடும்பத்தோடு கிளம்பினோம். போகிற வழியில் ரொம்பினில் ஒரு காலைப்பொழுது கடலுக்குப் போகலாமே என்று அவருடைய படகையும் பின்னால் கட்டிக்கொண்டோம். டிரெய்லருக்கு கிரீஸ் அடித்தாகிவிட்டது என்று அவர் வழக்கமாகப் போகும் பட்டறையில் சொல்லியிருந்தார்கள். நான் இந்தத் தொழில் செய்கிறவன். ஆனாலும் சக்கர மூடியைக் கழற்றிப் பார்க்காமல் அந்த வார்த்தையை நம்பினேன்.

கோத்தா திங்கியைத் தாண்டி மெர்சிங் போகும் சாலையில் கருகிய வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்தின் நடுவிலிருந்து புகை. மூடியைத் தட்டி எடுத்ததும் உள்ளே இருந்த கிரீஸ் தேன் நிறத்தில் இல்லை. பால் கலந்த காப்பி மாதிரி வெளுத்துப்போய் ஒழுகியது. தண்ணீர் புகுந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பேரிங்கின் உருளைகள் நீலம் பாரித்துப்போயிருந்தன, இரண்டு உருளைகள் உடைந்தே போயிருந்தன. இது படகு டிரெய்லருக்கே உரிய நோய். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தை ஏரியிலோ கடலிலோ இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும் காற்று, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கில் உள்ளே துருப்பிடித்து, ஒரு நீண்ட பயணத்தில்தான் வெடிக்கும்.

செம்பனைத் தோட்டத்து ஓரம் நாலு மணி நேரம் நின்றோம். மெர்சிங்கிலிருந்து பேரிங் வந்தபோது நல்ல நேரம் தாண்டிவிட்டது. என் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட்டார்கள். தங்கை இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் தொண்டை அடைக்கும்.

உங்கள் அக்கா வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர் அந்தக் காரில்தான் போகிறது. அப்பா, அம்மா, தம்பி, நீங்கள் என்று அக்காவின் ரத்த உறவு முழுவதும் அதே காரில்தான். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டியின் பின்னால், வழியில் நின்றுவிடக்கூடிய இரண்டு சக்கரங்களைக் கட்டிவிடாதீர்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு படகு எங்கே நிற்கும் என்று யாராவது அக்காவைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. டெக்சஸின் புதிய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும். நம் நகர மன்றத்தைவிடக் கண்டிப்பானது. சொந்த வீட்டு வாசலில்கூடப் படகையோ டிரெய்லரையோ இரவு நிறுத்தக்கூடாது என்று பல சங்கங்களின் விதியில் இருக்கும், மீறினால் அபராதக் கடிதம் வரும். குடியேறிய முதல் வாரமே அக்காவுக்கு அப்படி ஒரு கடிதம் வர நாம் காரணமாக இருக்கக்கூடாது. விதி அனுமதித்தாலும், ஹோமத்துக்கு வரும் ஐயரின் காரும் சமையல்காரரின் வேனும் உறவுக்காரர்களின் வண்டிகளும் நிற்க வேண்டிய இடத்தில் டிரெய்லரோடு சேர்த்து ஏழு மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு படகு நிற்கும். அம்மாவின் கோபத்தில் இந்த நியாயம் இருக்கிறது. அவர் படகை வெறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மகள் வீட்டு வாசலில் கோலம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார்.

தம்பி குறிப்பிடும் கான்ரோ ஏரி நல்ல ஏரிதான். பெரிய பாஸ் போட்டிகள் நடந்த இடம். ஆனால் அது ஹியூஸ்டனுக்கு வடக்கே இருக்கிறது, கேட்டி மேற்கே. ஒரு நடைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூன் மாத டெக்சஸில் வெயில் ஏறிவிட்டால் மீன் ஆழத்துக்குப் போய்விடும், விடியலிலிருந்து பத்து மணி வரைதான் உருப்படியான நேரம். மூன்று நாளில் வெள்ளிக்கிழமை பயணக் களைப்பு, சனிக்கிழமை விசேஷம். மிஞ்சுவது ஞாயிறு காலை ஒன்று. அன்று விடியுமுன் நாலு மணிக்கு அப்பாவை எழுப்பிக் கூட்டிப்போனால், அக்கா தன் புது வீட்டில் அப்பாவோடு காப்பி குடிக்கப் போகும் முதல் ஞாயிறு அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஃபிரிஸ்கோவுக்குப் பக்கத்திலிருக்கும் லூயிஸ்வில் ஏரியில்தான் தம்பி வழக்கமாகப் படகை இறக்குவார் என்று நினைக்கிறேன். அந்த ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்கிற, விரல்நக அளவேயான அந்நியச் சிப்பி பரவியிருக்கிறது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. படகின் மீன்தொட்டியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்விடும், போன இடத்தில் குழாய்களை அடைத்துக்கொண்டு பெருகும். அதனால் ஏரியைவிட்டுக் கிளம்பும்போது படகிலுள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும் என்பது 2014 முதல் டெக்சஸ் முழுவதும் சட்டம். கழுவி, வடித்து, ஒரு வாரமாவது காயவைத்த பிறகே வேறு ஏரியில் இறக்கச் சொல்கிறார்கள். விருந்தாளிகளோடு 12 நாள் ஓடும் தம்பிக்கு அந்த ஒரு வாரம் எங்கிருந்து கிடைக்கும்?

இவ்வளவும் சொன்ன பிறகு, நல்ல பாதிக்கு வருகிறேன். அப்பாவை வைத்துக்கொண்டு கான்ரோவைத் தேட வேண்டியதே இல்லை. லூயிஸ்வில் ஏரி சுமார் 29,000 ஏக்கர், நம் சிங்கப்பூரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தம்பி வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் படகை இறக்கிவிடலாம். காரில் தம்பியும் அப்பாவும் உங்கள் மகனும் மட்டும். எடைக்கணக்கு நான்கூட எதிர்க்க முடியாதபடி சரியாக வரும். அக்கா வீட்டுக்குப் போவதற்கு முன்பே, வந்து இறங்கி மூன்று நான்கு நாளில், களைப்பு தீர்ந்ததும் ஒரு காலை வைத்துக்கொள்ளுங்கள். நம்மைவிட 13 மணி நேரம் பின்தங்கிய ஊர். முதல் வாரம் முழுவதும் அப்பாவுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். மீன் பிடிக்கிறவருக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? திரும்பி வந்த பிறகு இன்னொரு காலை. விசேஷ வீட்டில் ஒரே ஒரு அவசரக் காலைக்குப் பதிலாக, அப்பாவுக்கு நிதானமான இரண்டு காலைகள்.

கடைசி நாட்களில் எல்லோரும் சேர்ந்து தண்ணீரில் இருக்க ஆசைப்பட்டால், பான்டூன் என்கிற தட்டைப் படகை ஏரிக்கரையில் வாடகைக்கு எடுங்கள். பாஸ் படகு குடும்பப் படகு இல்லை, இதை அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருக்கும், நின்று தூண்டில் வீச முன்னால் ஒரு தட்டையான மேடை, சுற்றிப் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, நிழலும் கிடையாது. உட்கார இரண்டு மூன்று இருக்கைதான். எத்தனை பேர், எத்தனை கிலோ ஏறலாம் என்று ஓட்டுநர் பக்கம் ஒரு தகடு பதித்திருப்பார்கள், தம்பி அதை மீறவே கூடாது. பான்டூனில் கதவு, கம்பி, கூரை எல்லாம் உண்டு. புடவை கட்டிய அம்மாவும் படகுத்துறையிலிருந்து வீட்டுக்குள் நுழைவதுபோல் உள்ளே போகலாம்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையான கவலை என்று கடிதத்தின் கடைசி வரியில் புரிந்தது. அவர் பல வருடம் தனியாக அங்கே உழைத்து ஒன்றை வாங்கியிருக்கிறார். வீட்டாட்கள் முதல் தடவையாக அதைப் பார்க்கப்போகிறார்கள். 430 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகத் துடிப்பது அதற்காகத்தான். ஆகவே அம்மாவின் வாதத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கதவு ஸ்டிக்கரிலிருந்தும் ஆரம்பிக்காதீர்கள், அது இரண்டாவது பேச்சு. முதலில், "டேய், அப்பா தினமும் ரீலுக்கு எண்ணெய் போடுறார்டா. வந்த நாலாம் நாள் காலையில நீ அவரைக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லுங்கள். அப்புறம், "அக்கா வீட்டுக்கு மட்டும் படகு வேணாம், சீர் இருக்கு" என்று சொன்னால் போதும். அம்மாவிடம், அப்பாவும் தம்பியும் ஏரிக்குக் கிளம்பும் காலையில் டிரெய்லர் சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, படகுக்கு மஞ்சள் குங்குமம் இட்டுத் தரச் சொல்லுங்கள். புது வாகனத்துக்கு அவர் கையால் அது நடக்கவில்லை என்ற குறை தம்பிக்குக் கட்டாயம் இருக்கும்.

ஒருவேளை தம்பி எதற்கும் அசையாமல் படகு வந்தே தீர வேண்டும் என்றால், ஒரே ஒரு வழிக்கு நான் ஒத்துக்கொள்வேன். படகை இழுக்கும் காரில் தம்பியும் ஒருவரும் மட்டும். மற்ற எல்லோரும் சீரோடு வேறு வண்டியில், ஒரு வேனை வாடகைக்கு எடுத்தாவது, முன்னதாகப் போய்விட வேண்டும். கிளம்பும் முன் இரண்டு சக்கரத்தின் பேரிங்கையும் கழற்றி, பார்த்து, புது கிரீஸ் வைக்க வேண்டும். டயரில் எவ்வளவு பட்டை மிச்சமிருந்தாலும், ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். வெயிலில் நின்றே ரப்பர் செத்துப்போகும். டிரெய்லர் டயர்கள் பலவற்றின் உச்ச வேகம் மணிக்கு 65 மைல்தான். அந்த நெடுஞ்சாலையில் 75 வரை அனுமதி இருக்கும், எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். கிளம்பி அரை மணி நேரத்தில் ஒரு தடவையும், பிறகு நிற்கும் இடத்திலெல்லாமும் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அங்கேயே பயணம் நிற்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் டிரெய்லருக்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். அக்காவின் சங்க விதி அனுமதிக்காவிட்டால், படகை வாடகை நிறுத்துமிடத்தில் விட வேண்டும். இத்தனையும் செய்கிற நேரத்தில் லூயிஸ்வில்லில் அப்பாவோடு நாலு மீன் பிடித்துவிடலாம் என்று தம்பிக்கே தோன்றும் என நம்புகிறேன்.

அப்பாவுக்காகச் சில வார்த்தைகள். அவர் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறவராகத்தான் இருப்பார் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் செயற்கை இரையில் கை பழகியவர், நம் நீர்த்தேக்கங்களில் உயிர் இரைக்கு அனுமதி இல்லையே. அங்கேயும் அதே கைத்திறன்தான் வேண்டும். நாம் இங்கே பிடிக்கும் பீக்காக் பாஸ் பெயரில்தான் பாஸ், உண்மையில் அது திலாப்பியாவின் சொந்தக்காரன். டெக்சஸின் லார்ஜ்மவுத் பாஸ் வேறு குடும்பம். பீக்காக் மாதிரி விரட்டி அடிக்காமல், புல்லோரமாகப் பதுங்கியிருந்து பக்கத்தில் வந்ததை வாய் பிளந்து உறிஞ்சும். அதனால் இங்கே சுழற்றும் வேகத்தில் பாதி போதும். ரப்பர்ப் புழுவைத் தூண்டில்முனை வெளியே தெரியாமல் குத்தும் டெக்சஸ் ரிக் அவருக்குத் தெரிந்திருக்கும். அது பிறந்த மண்ணிலேயே போட்டுப் பார்க்கட்டும். தூண்டில் முட்களையும் இரைகளையும் விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் அனுப்பிவிடுங்கள்.

மீன்பிடி உரிமம் அப்பாவுக்கு அவசியம். வெளிநாட்டவருக்கு வயது முதிர்ந்தவர் என்ற விலக்கு இல்லை. உங்கள் மகனுக்கு வேண்டாம், 17 வயதுக்குக் கீழே யாருக்கும் தேவையில்லை. ஒரு நாள் உரிமமே உண்டு, இணையத்திலேயே வாங்கிவிடலாம். படகு ஓடும்போதும் மிதந்து நகரும்போதும் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் உயிர்காப்பு அங்கி போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். மகள் பான்டூனில் வந்தாலும் அதே விதிதான். அப்பாவையும் போடச் சொல்லுங்கள், சூடாக இருக்கிறது என்று மறுப்பார், விடாதீர்கள். தம்பி எஞ்சின் நிறுத்தும் கயிற்றைத் தன் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், அதுவும் டெக்சஸில் 2019 முதல் சட்டம். அப்பா முன் மேடையில் நிற்பது படகு நின்ற பிறகுதான். ஓடும்போது உள்ளிருக்கையில். அந்த எஞ்சின் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டக்கூடியது, அலையில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் 72 வயது முதுகெலும்பில் விழும். மெதுவாகவே ஓட்டச் சொல்லுங்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, நிறையத் தண்ணீர், அவருடைய காலை மாத்திரை. பத்து மணிக்குக் கரை.

படகை இறக்குமுன், பின்பக்கத் துளையில் வடிகால் அடைப்பான் என்று கட்டைவிரல் அளவில் ஒன்று மாட்ட வேண்டும். போன தடவை தண்ணீரை வடித்தபோது கழற்றியிருப்பார்கள். இறக்கும் பரபரப்பில் அதை மறந்து படகுக்குள் தண்ணீர் ஏறவிட்டவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அன்றைக்கு அந்த வேலையை அப்பாவிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.